எங்கள் வீட்டு ஈரத்துக்கு யார் காரணம்

1

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை தண்ணீர் கொட்டுவது. ஹாலின் மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளை இயந்திரம் நிற்கிறது. வீட்டுக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருக்கும் ஈரத்தைப் பிரித்து, அடியிலுள்ள தொட்டியில் தண்ணீராகச் சேர்ப்பது அதன் தொழில். தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். ஜூன் பிறந்துவிட்டால் காலையும் மாலையும் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் கவிழ்க்க வேண்டும். ஜவ்வாது மலையில், காவலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் குடத்தோடு குழாயடிக்கு நடக்கிறவர்கள் இதைக் கேட்டால், இவனுக்குக் கொழுப்பு என்பார்கள்.

நான் இருப்பது வட இத்தாலியில், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சின்ன நகரத்தில். வெளிநாடு என்றால் குளிர் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். ஜூலையில் இங்கே காற்று அசையாது. ஜாடியில் இருக்கும் உப்பு தானாகத் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அப்பளம் பொரிப்பதற்கு முன்பே துவண்டு போகும், போட்ட சட்டை பத்து நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீடு தரைத்தளத்தில் வேறு இருக்கிறது. வெயில் எட்டிப் பார்க்காத சுவர்கள், நாள் முழுக்க ஈரக்கையால் தடவியதுபோல் இருக்கும்.

போன வாரம் தொட்டியைக் கவிழ்த்த கையோடு அக்காவுக்கு போன் செய்தேன். முனியம்மா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். மலையில் சாமை விதைத்துக்கொண்டு, மகன் ஏழுமலையின் வீட்டில் இருக்கிறாள். போன வருடக் கோடையில் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். இந்த வருடமும் வா, டிக்கெட் போடுகிறேன் என்றேன்.

"வேணாம்டா. நான் வந்தா உன் வூடு மறுபடியும் ஊறிப்பூடும்" என்றாள். பின்னாலிருந்து யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்ததற்குத் தான்தான் காரணம் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி நம்ப வைத்தவன் நான். பொய் சொல்லி நம்ப வைத்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இத்தாலிக்கு வருவதற்கு முன் வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். பதனிடும் தோலின் நாற்றம் சோப்புக்குக் கட்டுப்படாது. சட்டையை மாற்றினாலும் மயிரில் நிற்கும், நகத்தில் நிற்கும். சாயங்காலம் ஆலங்காயம் வழியாக மலையேறும் பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே வரும்.

ஒருநாள் அக்காவும் அதே பஸ்ஸில் இருந்தாள். ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என் பக்கத்திலிருந்து எழுந்து போனாள். அக்கா பஸ் முழுக்கக் கேட்கும்படி, "வேலைக்குப் போய்ட்டு வர்றவன் மேல நாத்தம் வராம சந்தனமா வரும்?" என்றாள். எனக்காகத்தான் பேசினாள். எனக்கோ அந்தப் பெண் எழுந்து போனதைவிட அக்கா வாய் திறந்ததுதான் பெரிய அவமானமாக இருந்தது. நாற்றம் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு உடம்பு கூசும். இன்றைக்கும் அப்படித்தான்.

இங்கேயும் தோல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் இங்கே நான் கையுறை போட்ட ஆள். இரண்டு ஊசி வைத்த ஒரு கருவியைத் தோலில் குத்தி, அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஈரத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவன் வீட்டில்தான் சுவர் ஊறியது என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், ஊரிலிருந்து வந்த கருவாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி செல்வி வறுத்தாள். மறுநாள் காலை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சமைக்கும்போது மற்றவர்களையும் நினைத்துப் பார்க்கவும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. யார் பெயரும் இல்லை. அந்தக் கட்டடத்தில் கருவாடு வறுக்கக்கூடிய குடும்பம் ஒன்றுதான்.

இங்கே கேஸ் அடுப்பு உள்ள சமையலறைகளில், வெளிச்சுவரில் சாசர் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். உள்காற்று வெளியே போகவும் வெளிக்காற்று உள்ளே வரவும் விட்டது. அதை மூடக்கூடாது என்பது சட்டம். அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் கருவாடு மாடிவீட்டு ஜன்னலுக்கு ஏறியிருந்தது. அன்று சாயங்காலமே ஒரு ஷூ பெட்டியின் மூடியை வட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, தோல் ஒட்டும் பசையால் ஓட்டையை அடைத்தேன். அதன் மேல் வாணியம்பாடிக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரை மாட்டினேன்.

"அத அடைக்கலாமாங்க?" என்று செல்வி கேட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருடமாயிற்று. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் காலண்டர் மாட்டினேன். அட்டையைத் தொடவில்லை.

3

போன வருடம் ஜூனில் செல்விக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆறு வாரம் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். நாள் குறித்தபோதே, நான் கேட்பதற்கு முன்பே அக்கா, "நான் வர்றேன்" என்றாள்.

அவளை வரவழைக்க நான் கட்டிய காகிதக் கட்டைத் தூக்கினால் செல்விக்குத் தையல் பிரிந்திருக்கும். அழைப்புக் கடிதம், காப்பீடு, வீடு எத்தனை சதுர மீட்டர் என்ற விவரம், அவளுக்குச் சோறு போடுவது என் பொறுப்பு என்று ஒரு உறுதிமொழி. வந்த பிறகு, வந்துவிட்டாள் என்று தெரிவிக்க இன்னொரு படிவம். அதில் தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். என்ன எழுதினாய் என்று கேட்டாள், சொன்னேன். "ஏன், நெலம் இருக்குதே, பயிர் வெக்கிறேனே, அத எழுதலியா?" என்றாள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லி அவளை நகர்த்திக்கொண்டு போனேன்.

அவள் வந்த சில வாரங்களில் வெயிலும் புழுக்கமும் ஏறின. முன் வருடங்களில் லேசாகத் தெரிந்து மறைந்த கறுப்பு, அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படர்ந்தது. செல்வியின் பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. கல்யாணத்துக்குப் போட்ட என் தோல் ஷூவில் பச்சையாகப் பூஞ்சை முளைத்தது. பதினைந்து வயது மகள் மலருக்கு இருமல் நிற்கவில்லை. வீட்டுக்காரம்மா ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, ஈரம் சரியாகாவிட்டால் புதுப்பிக்க முடியாது என்று எழுதியிருந்தார்.

இங்கே வெளிநாட்டுக்காரனுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. போனில் என் உச்சரிப்பைக் கேட்டதும், காலியாக இருந்த வீடு அந்த நொடியே வாடகைக்குப் போய்விடும். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

என்னவெல்லாமோ செய்தேன். முதல் தப்பு, உச்சி வெயிலில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தது. மலையில் மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். வெயில் எட்டிப் பார்த்த உடனே கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போடுவோம், வீடு உலர்ந்துவிடும். இங்கே கோடை வெயிலே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. சூடான காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரைத் தொட்டதும் அங்கேயே தண்ணீராக நின்றுவிடும். தொழிற்சாலையில் தோல் காயப்போடும் அறையின் கதவை இப்படித் திறந்து வைப்பவனை நானே திட்டுவேன். வீட்டுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்ன பிறகு, விடிகாலையில் மட்டும் திறந்து எட்டு மணிக்குள் அடைத்தேன். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். துணியை வெளியே காயவைத்தோம். இந்த இயந்திரத்தைப் பழையதாக ஒருவரிடம் வாங்கி வந்தேன். அதன் முகப்பில் அறையின் ஈரம் எண்ணாகத் தெரியும். எழுபத்தெட்டு காட்டியது. ராப்பகலாக ஓடவிட்டும் எழுபதுக்குக் கீழே இறங்க மறுத்தது. வீட்டுக்குள் சமைக்கிற ஆவி முழுக்க உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் எந்த இயந்திரம் என்ன செய்யும்?

அட்டை உனக்கு ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. காலண்டரில் தினமும் காலையில் தேதி கிழித்தவன் நான்தான்.

4

ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டுக்காரம்மா ஒரு பொறியாளரோடு வந்தார். அவர் கையில் ஏதோ கருவி இருந்தது. படுக்கையறை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்து நின்றார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பொறியாளர் சுவரைச் சுற்றிப் பார்த்து, காற்றோட்டத் துளை எங்கே என்றார். அவர் ஒரு விரலால் காலண்டரைத் தூக்கினார்.

அட்டை மஞ்சளடித்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறிப் போயிருந்தது. கேஸ் அடுப்பு வைத்துக்கொண்டு இதை அடைத்தால் ஈரம் மட்டும் பிரச்சினை இல்லை, உயிரே போகலாம் என்றார் அவர். வீட்டுக்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. யார் செய்தது என்று கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். பொறியாளரும் பார்த்தார். அவர்கள் பார்வை போன இடத்துக்கு என் வாயும் போனது.

என் அக்கா, ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்றேன். மலையில் வாழ்கிறவர்கள், இதெல்லாம் விவரம் தெரியாது, எனக்குத் தெரியாமல் அடைத்துவிட்டாள், மன்னிக்க வேண்டும் என்றேன். இத்தனை வருடமாகியும் பதற்றம் வந்தால் வீட்டுக்காரம்மாவை நீ என்று ஒருமையில் கூப்பிட்டுவிடுகிறவன் நான். அன்றைக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் மரியாதை தவறவில்லை. ஒரு பிழை இல்லாமல் அவர்கள் மொழியில் பேசினேன்.

பொறியாளர் அந்தப் பழைய அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரம்மாவுக்கு ஆறுதலாகிவிட்டது. வந்து போகிற விருந்தாளி செய்த தப்பு என்றால் குடித்தனக்காரனை வெளியேற்ற வேண்டியதில்லை. அவர் அக்காவிடம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் விரலை ஆட்டி மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா பூண்டுத் தோல் ஒட்டிய கையைக் கூப்பிச் சிரித்தாள்.

"இன்னாடா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"உன் சமையல்ல ஆவி அதிகமாம்க்கா. நீ சுடுதண்ணி ஊத்திக்கிறதுலயும் ஆவி வருதாம். அதான் சுவரு ஊறுதாம்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கொதித்துக்கொண்டிருந்த சோற்றின் அடுப்பை அணைத்தாள். "அத மொதல்லயே சொல்லக்கூடாதாடா" என்றாள். கோபம் இல்லை. தப்பு செய்துவிட்டவளின் குரல் அது.

செல்வி படுக்கையறையில் படுத்திருந்தாள்; சமையலறை வாசற்படியில் மலர் நின்றிருந்தாள். நான் அவர்களுக்குச் சொன்ன பொய்யும் அக்காவுக்குச் சொன்ன பொய்யும் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கும். என்னைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

அட்டையை அன்றே எடுத்துவிட்டேன். யாரோ முன்னால் குடியிருந்தவர்கள் அடைத்தது என்று அக்காவிடம் அதற்கும் ஒரு பொய் சொன்னேன். துளை திறந்ததும் எண் இறங்க ஆரம்பித்தது. மலையில் அக்காவின் அடுப்புப் புகை ஓட்டுச் சந்து வழியாகத் தானாக வெளியே போய்விடும். நான் மூடியதைத் திறந்ததற்கு மேல் இங்கே வேறெந்த வித்தையும் நடக்கவில்லை.

ஆனால் அக்காவுக்கு அது தெரியாது. அவள் கேழ்வரகுக் களி கிளறுவதை விட்டாள். எங்களுக்கு மூடிபோட்டுச் சமைத்துவிட்டு, தான் ரொட்டியைத் தயிரில் தொட்டுத் தின்றாள். செல்வி கேட்டால், வயிறு சரியில்லை என்றாள். நோயாளியிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். வெந்நீரில் குளிப்பதை நிறுத்தி, ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டாள். துவைத்த புடவையை வெளிக்கொடியில் போட்டால்கூட ஈரம் ஜன்னல் வழியாக வந்துவிடும் என்று பயந்து, கார் நிறுத்துகிற இடத்துக்குக் கொண்டுபோய், இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு காயும்வரை நின்றாள். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பார்த்தேன். மாடி ஜன்னல்களிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு என்னை நினைத்து வெட்கம் வரவில்லை. அவளை நினைத்துத்தான் வந்தது.

காலையில் எழுந்ததும் இயந்திரத்துக்கு முன்னால் வந்து நிற்பாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். "எறங்கிச்சாடா?" என்பாள். அறுபத்தெட்டு. அறுபத்து மூன்று. ஐம்பத்தேழு வந்த அன்று அவள் முகத்தில் உயிர் வந்தது. "என்னால கெட்டது, என்னாலயே சரியாச்சு" என்றாள். நான் தொட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டேன்.

இப்படி மூன்று வாரம். செல்வி நடமாடத் தொடங்கியதும், டிக்கெட்டுக்கு இன்னும் நாள் இருந்தும், போகிறேன் என்றாள். முன்கூட்டியே அனுப்பி வைத்தேன். ஒப்பந்தம் நான்கு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அன்று ஸ்வீட் வாங்கி வந்தேன். மலர் தொடவில்லை.

அக்காவை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் மலர், "அத்தைகிட்ட எப்ப சொல்லுவ?" என்றாள். சொல்கிறேன் என்றேன். பொங்கலுக்குக் கேட்டாள். மறுபடி ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் இத்தாலி மொழியில் மட்டும் பேசுகிறாள். பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று புலம்பும் கட்டுரைகளை நானும் இதே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். என் மகள் மறக்கவில்லை. அத்தையோடு போனில் மணிக்கணக்காகப் பேசுகிறாள். என்னிடம்தான் பேசுவதில்லை. உண்மையை அவளே சொல்லியிருக்கலாம். அது என் வேலை என்று விட்டுவைத்திருக்கிறாள்.

6

போன வாரம் அந்த போனில் அக்கா வரமாட்டேன் என்றதும் ஏழுமலை போனை வாங்கினான். நல்ல பையன், சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாளாம். ரேஷன் கடை வரிசையில் சொன்னாளாம், காவலூர் பஸ்ஸில் சொன்னாளாம், சாமை அறுக்கப் போன இடத்தில் சொன்னாளாம். பக்கத்து வீட்டுப் பெண் சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும்போது வழியனுப்பப் போய், தண்ணி கொதிக்க வைக்காத, நான் விவரம் தெரியாம தம்பி குடும்பத்தத் தெருவுல நிறுத்தப் பாத்தேன் என்று புத்தி சொன்னாளாம். "எங்கம்மாவுக்குப் பேரே வெச்சிட்டாங்க மாமா, வூட்ட ஊற வெச்ச முனியம்மான்னு" என்றான்.

பஸ்ஸில் எனக்காக வாய் திறந்தவள், அதே பஸ்ஸில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு வருகிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு, மாடிப்படிக் காகிதம், அட்டை, யார் செய்தது என்று கேட்டதற்கு நான் காட்டிய ஆள். உன் சமையலாலும் குளியலாலும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். வீடு போய்விடும் என்று பயந்துவிட்டேன் என்று சொல்லத் தொடங்கி, அது எனக்கே நியாயமாகப் படாததால் நிறுத்திக்கொண்டேன்.

போனில் கோழி கத்துவது கேட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். போவுது விடுடா என்பாள் என்று உள்ளுக்குள் ஏங்கவும் செய்தேன்.

"இத எங்கிட்ட சொல்லாத" என்றாள். "நான் யார் யாருகிட்டல்லாம் சொல்லிகினு இருந்தேனோ, அவங்ககிட்ட சொல்லு."

போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இந்தப் பத்திரிகை ஆலங்காயத்துக்கும் காவலூருக்கும் வருகிறது என்று தெரியும். ரேஷன் கடையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்களே, பஸ்ஸில் அவளோடு வந்தவர்களே, சாமை அறுத்தவர்களே, சிங்கப்பூருக்குப் போன அம்மாவே, அந்தத் துளையை அடைத்தவன் நான். முனியம்மா என் வீட்டுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என் மனைவி எழுந்து நடக்கும்வரை உழைத்துவிட்டு, நான் சொன்ன பொய்யால் வெந்நீர் இல்லாமல், வாய்க்குப் பிடித்த சாப்பாடு இல்லாமல் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனாள். இதைப் படிக்கிறவர்கள் அவளைத் தேடிப்போய் ஆறுதல் சொல்ல வேண்டாம். அந்தப் பெயரை வைத்து அவளைக் கூப்பிடுகிறவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.